போன கிழமையை விட நல்லது

முதல் கசெற் படு மோசம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் இருந்திருந்தால் அவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சபதம் எடுத்த ஐந்து பேர், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் நின்று அடித்த அடி அது. கிற்றார் ஒரு பக்கம் ஓட, ட்றம்ஸ் இன்னொரு பக்கம் ஓட, பாட்டுக்காரன் இரண்டுக்கும் நடுவில் நின்று கத்த, நான் ஓர்கனில் கோயில் பாட்டுக்குப் போடுகிற கோர்டுகளையே போட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அன்ரி கேற்றடிக்கு ஓடி வந்துவிட்டார்.

அந்தக் கசெற்றைத்தான் அவர் உயிரைப் போல வைத்திருந்தார். வெள்ளை ஸ்ரிக்கரில் 'இலக்கம் 1' என்று எழுதி, தூசி படாமல் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு.

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை எத்தனையோ படிவங்களில் மூன்று மொழியிலும் எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தவள் நான். ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்தும் பதில் வரவில்லை. இனி யாருக்கும் எழுதிக் கொடுக்கிற உத்தேசம் எனக்கில்லை. அவர் என்றே சொல்கிறேன். பாண்டில் இருந்த எல்லோரும் அவரை அண்ணா, அண்ணே என்றார்கள். நான் மட்டும் ஒருநாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. "இஞ்சேருங்கோ" என்றுதான் தொடங்குவேன். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை. அரைக் கட்டை சுருதி விலகினால் நெற்றியைச் சுருக்குகிற மனிதருக்கு இது மட்டும் எப்படிக் கேட்காமல் போனது என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

யாழ்ப்பாணத்து ஆள். மருதானையில் ஒரு பட்டறையில் மின்விசிறி மோட்டார்களுக்குக் கொயில் சுற்றும் வேலை. விரல் நுனியெல்லாம் வார்னிஷ் மணக்கும். ஹோட்டல் பாண்ட் ஒன்று கழித்துவிட்ட பேஸ் கிற்றாரை வாங்கி, அதன் உள்ளே இருந்த கொயிலையும் தன் கையாலேயே சுற்றிப் போட்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை அறை. அங்கே ஒரு பாய், ஒரு அலுமாரி. அலுமாரிக்குள் உடுப்பை விடக் கசெற் கூட.

எதையும் வெறுமனே 'நல்லது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'போன கிழமையை விட நல்லது' என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"அன்ரி, இது போன ஞாயிறை விட நல்லா இருக்கு."

"அப்ப போன ஞாயிறு என்ன, நாய்க்கோ சமைச்சனான்?" அம்மா அகப்பையோடு திரும்பினார்.

"ஐயோ இல்லை அன்ரி. போன ஞாயிறும் நல்லம். இண்டைக்கு அதை விட நல்லம். அப்ப வாற ஞாயிறு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அம்மா விடிய எழும்பிப் போய் விலை கூடிய அறக்குளா மீன் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் ஒருநாளும் அறக்குளா வாங்கியதில்லை!

உலகத்தில் இருக்கிற றொக் பாண்டுகளை அவர் இரண்டாகத்தான் பிரிப்பார். முதல் இசைத்தட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மிச்சக் காலம் முழுக்க அதையே சூடுகாட்டிப் பரிமாறுகிறவர்கள் ஒரு சாதி. முதல் தட்டில் நாறி, மூன்றாவதில் நிமிர்ந்து, ஏழாவதில் ஆளை இருந்த இடத்திலேயே இருக்க வைக்கிறவர்கள் மற்றச் சாதி. முதல் சாதியை அவர் கிட்டவும் எடுக்க மாட்டார். "பிறக்கேக்கையே கெட்டிக்காரர்" என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார். இரண்டாவது சாதி என்றால் உயிர். இங்கிலாந்துக் குழு ஒன்றைப் பற்றிச் சொல்வார். முதல் தட்டில் ட்றம்ஸ்காரன் பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடுவானாம். நாலாவது தட்டில்தான் அவனுக்கு நிற்கத் தெரிந்ததாம். ஆறாவது தட்டில் ஒரு இடத்தில் நாலுபேரும் சேர்ந்து ஒன்றுமே வாசிக்காமல் இருப்பார்கள், அந்த இடத்தைக் கேட்க இவருக்கு மயிர் கூச்செறியும். கையை நீட்டிக் காட்டவும் செய்வார். பார்த்தால் உண்மையாகவே கூச்செறிந்திருக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு ரெக்கோர்டிங் பார் இருந்தது. வெற்றுக் கசெற்றைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். ஒரு கசெற்றில் ஒரு பாண்ட்தான், முதல் பக்கத்தில் அவர்களுடைய முதல் தட்டு, மறுபக்கத்தில் கடைசித் தட்டு. இவர் பதியச் சொல்வது அப்படித்தான். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, அவருக்கு இது பெரிய தலையிடி.

"தம்பி, அவனுகட மொதல் ரெக்கோட் தான் ரெக்கோட். பொறகு வந்ததெல்லாம் சல்லிக்கு அடிச்சது."

"நானா, நீங்கள் கடை திறந்த முதல் மாசம் பதிஞ்ச கசெற் ஒண்டு என்னட்டை இருக்கு. பாட்டை விட இரைச்சல்தான் கூட."

"அது... பழகத்தானே வேணும்."

"அப்ப அவங்கள் மட்டும் பழகக் கூடாதோ?"

நானா கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் பதிந்து கொடுப்பார். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இந்தச் சண்டை முடிவதற்குள் மூன்று பஸ் போய்விடும். வெயிலில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வாய் திறந்து பேசியிருப்பேனோ? மாட்டேன். அவர் சண்டை பிடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், மக்கு.

எங்கள் பாண்டுக்குப் பெயரில்லை. "முதல்ல நல்லா வரட்டும், பிறகு வைப்பம்" என்பார். எங்களுக்குச் சொந்தமாக ஒரேயொரு பாட்டுத்தான் இருந்தது, அவர் எழுதியது. 'கடல் இருக்குப் பக்கத்தில, காத்தைக் காணேல்லை' என்று தொடங்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து சாப்பிட்டபின் அதே பாட்டு. கல்யாண வீட்டுக்காரர் ஆடுகிறதுக்குப் பைலா கேட்டு வந்தால் பைலாவும் அடிப்போம், அது வயிற்றுக்கு. இந்தப் பாட்டு அவருடைய மானத்துக்கு.

ஒத்திகை தொடங்கும்போது ரேப் ரெக்கோடரைத் தட்டிவிடுவார். ஒரு பக்கம் முடிந்து தானாக 'டக்'கென்று நிற்கும்வரை அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. பாட்டு முடிந்த பிறகு நாங்கள் பிடித்த சண்டை, அம்மா படியில் ஏறி வந்து தேத்தண்ணி வைக்கிற சத்தம், காகம் எல்லாம் அதற்குள் இருக்கும். முடிந்ததும் முதல் கசெற்றைப் போட்டு ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அன்றைய கசெற். "எங்கட தரித்திரத்தை மறக்கக் கூடாது" என்பார். நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம்.

பேஸ் கிற்றார் கம்பி அந்த நாளில் கொழும்பில் கிடைப்பது அருமை. பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் போட்டு அவிப்பார். அழுக்குப் போனால் திரும்பவும் சத்தம் துலங்கும். ஒருமுறை அம்மாவின் சொதிச் சட்டியில் அவித்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதினால் இன்னொரு சண்டையை எழுதினதாகிவிடும். ஆனாலும் மறுநாள் அம்மாதான் ஒரு பழைய சட்டியைத் தேடியெடுத்து, "இது உங்கட கம்பிக்கு" என்று தனியாக வைத்தார்.

இனித்தான் எனக்குச் சொல்லப் பிடிக்காத பகுதி வருகிறது. எங்கள் பாட்டு நல்லாக வந்தது. ஒவ்வொருவராகப் போகப் போக நல்லாக வந்தது.

முதலில் பாட்டுக்காரன் போனான். ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் இரவோடிரவாக எங்கோ போய், மூன்று மாதம் கழித்து நோர்வேயிலிருந்து போஸ்ற்காட் போட்டான். பாட ஆளில்லாமல் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எனக்குக் கத்த வராது. கோயிலில் பாடுகிற மாதிரி தாழ்ந்த குரலில்தான் பாடுவேன். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டின் சொல் என்னவென்று எங்களுக்கே விளங்கியது.

அதன் பிறகு ஒருநாள் ட்றம்ஸ் சத்தம் கேட்டு ஆமிக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்கள். ஐந்தாறு பேர், துவக்கோடு. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, இனி இந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ட்றம்ஸ் அடித்த ராசு பண்டாரவளைத் தோட்டத்துப் பெடியன். துறைமுகத்துப் பக்கம் தேயிலை ஸ்ரோர் ஒன்றில் வேலை. அடுத்த ஞாயிறு வெறும் தேயிலைப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இதத் தட்டுனா கீழ் வூட்டுக்கே கேக்காதுங்க. பாருங்களேன்."

அதன் மேல் குந்தியிருந்து கையால் தட்டினான். பலகைக்குள்ளிருந்து நெஞ்சு அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். பேஸ் கிற்றாரின் ஒலியைப் பாதிக்கு மேல் குறைத்தார். நான் ஓர்கனைக் குறைத்தேன். கடைசியில் கிற்றார்காரனும் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போய்விட்டான், வெளிநாடு போக ஏஜென்சிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டிருக்க. மிஞ்சியது மூன்று பேர், ஒரு பெட்டி, நாலு கம்பி.

அவர் எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நிற்கிற இடம் எங்களுக்கும் வந்தது. 'காத்தைக் காணேல்லை' என்று நான் முடித்ததும் மூவரும் நிற்போம். யாரும் எண்ண மாட்டோம். சேர்ந்தே திரும்பத் தொடங்குவோம். எங்களை வாயை மூடச் சொன்னார்கள், மூட மூடப் பாட்டு நல்லாக வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதே வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது செக் பொயின்ரில் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம், போதாதா? மூன்று நாள் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். முகத்தில் வீக்கம். அம்மா அழ அழ, அவர் வலதுகைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து உரசிக்கொண்டே இருந்தார்.

"இந்தக் காதில ஒரு இலையான் நிக்குது" என்றார். "போகுதில்லை."

காதுக்குள் ஈ இரைகிற மாதிரி ஓயாத சத்தம். அறைந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அதே பக்கத்தில்.

அதற்குப் பிறகு அவருக்குத் தன் காதில் நம்பிக்கை போய்விட்டது. கம்பியை முறுக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால்தான் அடுத்த கம்பி. "எனக்கு இனி உம்மட காதுதான்" என்று ஒருநாள் சொன்னார். ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடிய எத்தனையோ சொல் இருக்க, அந்த மனிதருக்குச் சொல்லக் கிடைத்தது இது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அவருடைய அக்கா கனடாவில் இருந்தார். தம்பியைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்து எல்லாக் கடதாசியும் அனுப்பியிருந்தார். தூதரகம் முதல் தடவை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நாளில் இவர் போகவில்லை. ஏனென்று கேட்டால், "ராசுவுக்கு அண்டைக்குத்தான் லீவு" என்றார். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. இரண்டாவது கடிதம் வந்தது, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. இதற்கும் போகாவிட்டால் இனிக் கூப்பிட மாட்டார்கள் என்று அக்கா எனக்குத் தனியாக எழுதியிருந்தார். 'தங்கச்சி, எப்படியாவது அவனை அனுப்பிவிடு' என்று. அந்த மாதம் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பெடியன்களைக் கொண்டு போனார்கள். ஒருவன் திரும்பி வரவில்லை.

நான் சொன்னேன். கெஞ்சினேன். கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, அடுத்தமுறை காதோட விடமாட்டாங்கள். உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது. ஆனா இப்பதானே நல்லா வருது. இப்ப விட்டிட்டுப் போனா, முதல் தட்டோட நிண்ட பாண்டுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"உயிரோட இருந்தா அங்க போய் இன்னொரு பாண்ட் தொடங்கலாம்."

"இன்னொரு பாண்ட் எண்டா திரும்ப இலக்கம் ஒண்டு." சிரித்தார். "அதுக்கு எனக்கு இனி வயசில்லை."

எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்த மனிதரை யுத்தம் பிடித்து வைத்திருக்கவில்லை, ஆமி பிடித்து வைத்திருக்கவில்லை, ஒரு பாட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. அது நல்லாக வரும்வரை இவர் போகமாட்டார். அது ஒவ்வொரு கிழமையும் நல்லாக வந்துகொண்டே இருக்கிறது.

நேர்முகத்துக்கு முதல்நாள் ஞாயிறு. பகல் இரண்டரை மணியிருக்கும். வாசித்தோம். எப்படிச் சொல்ல? அன்றைக்கு ராசுவின் கை பெட்டியில் பட்டதா, என் முதுகில் பட்டதா என்று தெரியவில்லை. நிற்கிற இடத்தில் நாங்கள் நின்றபோது வெளியே ஒழுங்கையும் நின்றது போலிருந்தது. முடிந்த பிறகு ஒருவரும் அசையவில்லை. ரெக்கோடர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "எப்பிடி?"

அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அவர் நாளைக்குப் போகமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"சரியில்லை" என்றேன்.

"எந்த இடம்?"

"எல்லா இடமும். இழுபடுது. சுருதி நிக்கேல்லை. முதல் கசெற்றை விட மோசம்."

ராசு தலை குனிந்தான். அவர் பேஸ் கிற்றாரை மடியில் போட்டுக்கொண்டு, கம்பியை உள்ளங்கையால் மூடினார்.

"உண்மையாவோ?"

"ஓம்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தேத்தண்ணி போடுகிறேன் என்று கீழே ஓடிவிட்டேன்.

வழக்கம்போல முதல் கசெற்றைப் போட்டு ஒத்துப் பார்த்திருந்தால் என் பொய் ஐந்து நிமிடத்தில் கிழிந்திருக்கும். ஆனால் அது அன்றைக்கு எங்களிடம் இல்லை. போகிற நாட்டில் மனம் விட்டுப்போனால் போட்டுக் கேட்டுச் சிரிக்கப் பிரதி எடுக்கிறேன் என்று கிற்றார்காரன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். வெள்ளிக்கிழமை திடீரென்று அவனுக்குப் பயணம் வந்துவிட, கசெற்றை லொட்ஜ் மனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

தேத்தண்ணியோடு நான் மேலே ஏற, அவர் படியில் இறங்கி வந்தார்.

"நாளைக்கு வெள்ளன வெள்ளவத்தைக்குப் போய் முதல் கசெற்றை எடுத்துக்கொண்டு, அப்பிடியே இன்ரவியூவுக்குப் போறன்" என்றார்.

எனக்கு அதன் இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. இன்ரவியூவுக்குப் போகிறாராம்! சந்தோசத்தில் அவருடைய சேட் ஒன்றை வாங்கி நான்தான் ஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வெள்ளைச் சேட். கொலரை இரண்டுதரம் போட்டேன். பொய் சொன்ன வாய்க்குச் சீனி போடாத தேத்தண்ணிகூட அன்றைக்கு இனித்தது.

திங்கள் விடிய வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். லொட்ஜில் இருந்த ஆண்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். வடக்கிலிருந்து வந்து தங்குகிற தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு இவருக்கு இருந்தது, ஆனால் அது கொட்டாஞ்சேனையில். காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை லொட்ஜில் உனக்கென்ன வேலை என்று கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார்? உண்மையைத்தான் சொல்லியிருப்பார். கசெற் எடுக்க வந்தனான் என்று. பொக்கற்றில் பெயரில்லாத ஒரு கசெற், 'இலக்கம் 1' என்று எழுதி. அதற்குள் ஐந்து பேர் கத்துகிறார்கள். எவன் நம்புவான்?

அந்த பஸ்ஸில் போய்த் திரும்பி வந்த ஒருவரை ராசு எப்படியோ தேடிப் பிடித்தான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "வெள்ளைச் சேட் போட்ட ஆள்தானே? ஜன்னல் பக்கம் இருந்தவர். வெயில் படுது எண்டு கசெற்றை சேட்டுக்குள்ள வைச்சிருந்தார். எங்கள வேற இடத்தில இறக்கினவங்கள். அவரை இறக்கேல்லை."

நானும் ராசுவும் ஏறி இறங்காத பொலிஸ் நிலையம் இல்லை. சொந்தக்காரரைத் தவிர வேறு யாருக்கும் விவரம் சொல்ல மாட்டார்கள். ஒரு இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்.

"எயா ஒயாகே கவுத?" அவர் உனக்கு யார்?

சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள். மூன்று வருடமாக நான் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த சொல்லை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன்.

"மகே அய்யா."

என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். என் தகப்பன் பெயர் வேறு, அவருடைய தகப்பன் பெயர் வேறு. மதமும் வேறு என்று என் பெயரே காட்டிக் கொடுத்துவிடும். அட்டையைத் திருப்பித் தள்ளிவிட்டார். "அய்யா நெவெய்" என்றார். அண்ணன் இல்லை. அதை எனக்கே சொல்லித் தருகிறான் பாருங்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. அம்மா போய்விட்டார். ராசு பண்டாரவளைக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை மரக்கறி மூட்டையோடு வருவான். அந்த மேல்மாடி அறைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான். கீழே இருந்து கதைத்துவிட்டுப் போய்விடுவான். என்னிடம் எதையோ சொல்ல வருவான் போலிருக்கும், சொல்ல மாட்டான்.

கடைசி ஞாயிற்றுக் கசெற் என்னிடம்தான் இருக்கிறது. செக் பொயின்ருக்குப் பயந்து அவர் ரெக்கோடரை எப்போதும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார், அன்றைக்கும் கசெற் அதற்குள்ளேயே இருந்தது. எப்போதாவது ஒருநாள் போட்டுக் கேட்பேன். பாட்டு முடிந்த அடுத்த நொடியே நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வருவது என் குரல். அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

போன மாதம் மீன் வெட்டிக்கொண்டு கேட்டேன். ரெக்கோடரின் பட்டி அறுந்து பல வருடம் கிடந்து, மருதானையில் கொடுத்துத் திருத்தி எடுத்து வந்த புதிது. பாட்டு முடிந்தது. கை முழுக்க இரத்தமும் செதிலும். கழுவித் துடைத்துவிட்டு வருவதற்குள் அது ஓடிவிட்டது. சரியில்லை. எந்த இடம். எல்லா இடமும். உண்மையாவோ. ஓம். என் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஒரு நடுக்கம்கூட இல்லை. பிறகு நான் படியில் இறங்கி ஓடுகிற சத்தம்.

சட்டிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நான் போன பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெளியே ஒரு காகம் கத்துகிறது. பிறகு அவர்:

"ராசு, உனக்கு எப்பிடி இருந்தது?"

பெட்டி கிறீச்சிடுகிறது. ராசு யோசிக்கிறான்.

"எனக்கு... நல்லாத்தாண்ணே இருந்துச்சு. ஆனா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"எனக்கும் நல்லா இருந்த மாதிரித்தான் கேட்டது" என்கிறார் அவர். அவருடைய விரல் காதுப் பக்கம் உரசுகிற சத்தம்கூட வருகிறது. "அவ பொய் சொல்ல மாட்டா. என்ர காதுதான் போயிற்று."

பிறகு, மெதுவாக, தன் காதைச் சோதிக்கிறவர் போல, பாட்டின் முதல் வரியைப் பேஸ் கிற்றாரில் தனியே வாசிக்கிறார். ஒரு இடமும் பிசகவில்லை. இரண்டாவது வரிக்குப் போகும்போது கசெற் முடிந்து 'டக்'கென்று நின்றது.